‘பேருக்கு டைரக்டர்’ ஆகப்போறீங்களா? உஷார்!

“சும்மா பேருக்குத்தான் மச்சான், ரெண்டு கையெழுத்து போட்டா போதும்” என்று யாராவது உங்கள் ஆதாரையும் பான் கார்டையும் கேட்டால், கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கக் குறைந்தது 2 டைரக்டர்கள் வேண்டும். அந்த இரண்டாவது இடத்தை நிரப்பத்தான் மனைவி, மைத்துனர், கடை ஊழியர் என்று ஆள் தேடுகிறார்கள். ஆனால், 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில் ‘பேருக்கு டைரக்டர்’ என்றொரு பதவியே கிடையாது!

2009 ஜனவரியில், சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு பல ஆயிரம் கோடி ரூபாய்க்குக் கணக்கில் பொய் எழுதியதை ஒப்புக்கொண்டார். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு வந்த சட்டம் இது. பிடி இறுக்கமாகவே இருக்கும். பெரிய தொகை மோசடி நிரூபணமானால் 6 மாதம் முதல் 10 ஆண்டு வரை சிறை. மோசடித் தொகையைப்போல் 3 மடங்கு வரை அபராதம்.

மோசடியே நடக்காவிட்டாலும் சிக்கல் உண்டு. தொடர்ந்து 3 நிதியாண்டுகள் கம்பெனி கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால், அதன் டைரக்டர்கள் 5 ஆண்டுகளுக்கு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக முடியாது. 2017-ல் 3 லட்சம் பேருக்கு மேல் இப்படித் தகுதி இழந்தார்கள். கம்பெனியிடம் வசூலிக்க முடியாத வருமான வரியையும் டைரக்டரிடம் கேட்கலாம். ‘என் அலட்சியத்தால் இல்லை’ என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

பெரிய ஆபத்து டைரக்டரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனில் இருக்கிறது. பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும். பலருடைய டோக்கன், பாஸ்வேர்டு எழுதிய துண்டுச்சீட்டோடு, ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில்தான் கிடக்கிறது. கம்ப்யூட்டரில் செருகி பாஸ்வேர்டைத் தட்டினால் உங்கள் கையெழுத்து விழுந்துவிடும். கையெழுத்துப் போட்ட வெற்று செக்கைக் கொடுத்துவைப்பது போலத்தான் இது.

ஏற்கெனவே டைரக்டராக இருக்கிறீர்களா?

* டோக்கனை வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

* கணக்குப் புத்தகங்களைக் கேட்டுப் பாருங்கள். அலுவலக நேரத்தில் பார்வையிட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

* தவறு தெரிந்தால் போர்டு கூட்டத்திலேயே ஆட்சேபித்து, அதை மினிட்ஸில் பதியச் சொல்லுங்கள். தெரிந்தும் வாய் திறக்காதவரையும் சட்டம் பொறுப்பாளியாக்கும்.

* விலகுவதென்றால் எழுத்தில் கொடுங்கள். அதைக் கம்பெனிப் பதிவாளரிடம் தெரிவிக்காமல் கம்பெனி இழுத்தடித்தால், நீங்களே டிஐஆர்-11 படிவத்தைத் தாக்கல் செய்யலாம். பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்கு விலகிய பிறகும் பதில் சொல்ல வேண்டிவரும்; அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

உறவு கெட்டுவிடுமே என்று தயங்கிக் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பு எப்போதோ போட்டது நினைவில் இல்லையென்றால், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் உங்கள் பெயர் எந்தெந்தக் கம்பெனிகளில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்!