சுன்னாகத்துக் கிணறுகள்

கொள்ளிடக் கரையில் வாழும் குடும்பங்களுக்குத் தண்ணீர் என்றவுடன் ஆறே நினைவுக்கு வரும். திருமழபாடியில் வடக்கு நோக்கித் திரும்பி ஓடும் அவ்வாறு பெருகினால் அஞ்சுகிறோம். வற்றினால் மணலில் ஊற்றுத் தோண்டுகிறோம். கண்ணால் காணும் நீருக்குக் கேடு வந்தால் ஊர் திரண்டு கேட்கும். ஆற்று மணல் அள்ளுவதைப் பற்றித் திருமானூர்ப் பகுதியில் எழுந்த வாதங்களையும் போராட்டங்களையும் வாசகர்கள் அறிவர். ஆனால் கண்ணுக்குப் புலப்படாமல் நிலத்துக்குள் கிடக்கும் நீர் கெட்டால் அதை யார் கேட்பது? கெட்டது என்பது எப்போது தெரியும்? தெரிந்த பின் செய்யத்தக்கது யாது? இவ்வினாக்களுக்கு நம் மொழி பேசும் மக்கள் வாழும் ஓர் ஊரின் வரலாறே விடை தருகிறது. அவ்வூர் இலங்கையில், யாழ்ப்பாணத்துக்கு வடக்கே காங்கேசன்துறைச் சாலையில் உள்ள சுன்னாகம்.

யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் ஆறு என்று சொல்லத்தக்கது இல்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கித் தங்குகிறது, அதைக் கிணறு வெட்டி எடுத்தே அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தனர், அதையே குடித்தனர். நிலத்துக்கு அடியில் நாற்புறமும் கடல்நீர் ஊறி நிற்க, அதன்மேல் நன்னீர் ஒரு மெல்லிய தட்டுப்போல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயரம் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் ஆய்வாளர் கண்ட கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பாகும். இத்துணை நுட்பமான ஏற்பாட்டைப் படைத்தவரின் கைத்திறனை வியவாமல் இருக்க இயலவில்லை. அப்பாறையோ திண்ணிய பாறையன்று. வெடிப்பும் குகையும் நிறைந்தது. நிலாவரைக் கிணற்றின் ஆழத்தைப் பற்றியும், கீரிமலையில் கடலோரத்தில் சுரக்கும் நன்னீரைப் பற்றியும் யாழ்ப்பாணத்தார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஓரிடத்தில் விழுந்தது மற்றோரிடத்துக்குப் போய்ச் சேர அப்பாறை வழிவிடுகிறது. நல்லதற்கு வழிவிடும் பாறை தீயதற்கும் வழிவிடுமன்றோ?

இனி மின்நிலையத்துக்கு வருவோம். உள்நாட்டுப் போரின்போது யாழ்ப்பாணம் நாட்டின் மற்றைய பகுதியிலிருந்து மின்கம்பியாலும் துண்டிக்கப்பட்டது. தெற்கேயுள்ள அருவிகளிலிருந்து பிறக்கும் மின்சாரம் வடக்கே எட்டவில்லை. தனித்து விடப்பட்ட அத்தீபகற்பத்துக்கு எண்ணெய் எரித்து எடுத்த மின்சாரமே கதி. சுன்னாகத்தில் இலங்கை மின்சார சபையின் பழைய எந்திர நிலையம் இருந்தது. பின்னர் நார்தர்ன் பவர் என்னும் தனியார் நிறுவனம் அங்கே அனல்மின் நிலையம் அமைத்துச் சபைக்கு மின்சாரம் விற்றது. இதை நாம் பழிக்கவில்லை. மருத்துவமனையில் விளக்கு எரியவேண்டும், பிள்ளைகள் படிக்கவேண்டும். இருளில் பல ஆண்டுகள் கிடந்தவர்களிடம் மின்சாரத்தின் தீமையைப் போதிப்பது அறிவுடைமை ஆகாது. கேள்வி வேறு: அந்த எந்திரங்கள் உண்டபின் கழித்ததை எங்கே கொட்டினார்கள்?

எண்ணெய் எரிக்கும் மின்நிலையத்தின் கழிவு எத்தகையது என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். இவற்றில் எரிக்கப்படும் கனத்த உலை எண்ணெய் தார்போல் தடித்தது. அதைச் சூடேற்றி, வேகமாகச் சுழலும் கருவியில் இட்டு, நீரையும் கசடையும் பிரித்த பின்னரே எந்திரத்துக்குள் விடுவர். பிரிந்த கசடு எரித்த எண்ணெயில் 1 விழுக்காடளவே இருக்கலாம். ஆனால் இரவும் பகலும் எரிக்கும் நிலையத்தில் அந்த ஒரு விழுக்காடு பீப்பாய் பீப்பாயாகச் சேரும். எந்திரத்தின் உறுப்புகள் தேயாமல் இருக்க இடும் மசகெண்ணெய் கறுத்துக் கெட்டபின் மாற்றப்படும். அதில் உலோகத் தூளும், புற்றுநோய்க்கு ஏதுவாகத்தக்க கரிச் சேர்மங்களும் கலந்திருக்கும். தரையைக் கழுவும் நீரிலும் எண்ணெய் கலந்துவிடும். இவற்றையெல்லாம் கசியாத தொட்டிகளில் சேர்த்து, கணக்கெழுதி, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைத்து, சுத்திகரிக்கவோ பெருஞ்சூட்டில் எரிக்கவோ வேண்டும். செலவு பிடிக்கும் வேலைதான். மண்ணில் ஒரு குழி வெட்டுவது மலிவு. கெட்டுப்போன எண்ணெய் 1 லிட்டர் நிலத்தடி நீரில் கலந்தால் 10 இலட்சம் லிட்டர் வரை குடிக்கத் தகாததாக்கும் என்பர். அந்த மலிவுக்குள் இருக்கும் செலவு இதுதான்.

சுன்னாகம், மல்லாகம், ஏழாலை, உடுவில் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் நாற்றம் எழுந்தது. நீரின்மேல் ஏடு படர்ந்தது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014-ஆம் ஆண்டுகளில் அப்பகுதியில் 150 கிணறுகளைச் சோதித்தபோது, 109 கிணறுகளில் எண்ணெயும் பிசுக்கும் அளவுக்கு மேல் இருக்கக் கண்டது. நான்கு வீட்டுக்கு மூன்று வீட்டில் கிணறு இருந்தும் குடிநீர் இல்லை! போர் முடிந்து, முகாம்களிலிருந்து வந்து, தூர்ந்த கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, வீட்டைத் திரும்பக் கட்டியவர்கள் பலர் அவர்களுள் இருந்தனர் என்பதை மறவாதிருப்போம். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களை அறிந்தவர்க்கு, ஊர் திரும்பும் ஒருவன் முதலில் தேடுவது தன் வளவுக் கிணற்றைத்தான் என்பது தெரியும்.

2015-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மக்கள் வீதியில் இறங்கினர். உண்ணா நோன்பு இருந்தனர். வண்டிகளில் கொண்டுவந்த நீருக்குக் குடமேந்தி நின்றனர். நீதிமன்றத்தின் தலையீட்டால் தனியார் நிலையத்தின் எந்திரங்கள் நின்றன. அதே சனவரித் திங்களில்தான் பாப்பரசர் பிரான்சிஸ் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் மறைந்துழைத்த யோசேப் வாஸ் அடிகளாரை 14-ஆம் நாள் கொழும்புக் கடற்கரைத் திடலில் புனிதராக உயர்த்தி, அன்று பிற்பகலே மடு அன்னையின் திருத்தலத்துக்கும் சென்றார். அவ்வாண்டு சூன் திங்களில் வெளியான 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் ஒவ்வொரு மனிதனுக்கும் உரிய அடிப்படை உரிமை என்றும், அதை ஏழைக்கு மறுப்பது அவன் வாழும் உரிமையையே மறுப்பதாகும் என்றும் அவர் எழுதியதை நாம் படிக்கும்போது, சுன்னாகத்துக் குடங்கள் நம் கண்முன் வருகின்றன.

வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அதைத் தொடுத்தவர் யாழ்ப்பாணத்தார் அல்லர். தென்னிலங்கையில் சுற்றுச்சூழல், இயற்கை ஆய்வுக்கென ஒரு மையத்தை நடத்திவரும் இரவீந்திர குணவர்தன காரியவசம் என்னும் சிங்கள அன்பர். முப்பது ஆண்டுப் போருக்குப் பின், தமிழர் கிணற்று நீருக்காகச் சிங்களர் ஒருவர் வழக்கேறினார் என்பதைச் செய்தித்தாள்கள் இன்னும் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். 2019-ஆம் ஆண்டு ஏப்பிரல் 4-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மாசு செய்தவனே அதற்குரிய விலையைத் தரவேண்டும் என்ற நெறியை நீதிமன்றம் கைக்கொண்டு, நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது. கிணறு கெட்டவர்கள் 500 பேர் வரை, ஆளுக்கு 40,000 ரூபாய்க்கு மேற்படாமல், கிணற்றைச் செம்மைப்படுத்திக்கொள்ள அத்தொகை. நம் நாட்டுப் பணத்தில் அன்று அது ஏறக்குறைய 16,000 ரூபாய். நெறி பெரிது, தொகை சிறிது என்றே நமக்குத் தோன்றுகிறது. கிணற்றை இறைத்துவிடலாம். பாறை வெடிப்புக்குள் ஒட்டிக்கொண்ட எண்ணெயை எதைக்கொண்டு இறைப்பது? மழைதோறும் நீர்மட்டம் ஏறி இறங்குகையில் அது சிறிது சிறிதாக மீண்டும் வருகிறது.

ஆதியாகமத்தில் ஈசாக்கின் வரலாற்றைப் படித்திருக்கிறோம். தந்தை ஆபிரகாம் வெட்டிய கிணறுகளைப் பிலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்தனர். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டி, தந்தை இட்ட பெயர்களையே இட்டான். மண் போட்டு மூடிய கிணற்றைத் தோண்டலாம். எண்ணெய் இறங்கிய கிணற்றை ஈசாக்கும் தோண்ட முடியாது. பகைவனைவிடக் கொடிய செயலை, பகையே இல்லாத ஒருவன், கவனக்குறைவால் செய்துவிட முடிகிறது! அருளப்பர் நற்செய்தியில் இயேசு களைத்து அமர்ந்ததும் யாக்கோபின் கிணற்று ஓரத்தில்தான். அந்தச் சமாரியப் பெண்ணிடம் அவர் முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர். ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் பழைமையான கிணறு அன்றும் குடிக்கத் தக்கதாயிருந்தது.

இது எங்கோ கடலுக்கு அப்பால் நடந்தது, நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். அரியலூர் மாவட்டத்தின் மண்ணைப் பாருங்கள். இங்கும் சுண்ணாம்புப் பாறை. ஒருகாலத்தில் கடல் மூடியிருந்த நிலமாதலால் சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடைக்கின்றன. அந்தச் சுண்ணாம்பை நம்பியே சிமெண்டு ஆலைகள் வந்தன. ஆலைகளுக்கு மின்சாரம் வேண்டும். அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சிமெண்டில் கலக்க வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் 100-க்கு 30 முதல் 40 பங்கு சாம்பல். எண்ணூருக்கு அருகே சாம்பல் கலந்த நீர் குழாய்களிலிருந்து கசிந்து கொசத்தலையாற்றில் படிந்ததும், செப்பாக்கம் மக்கள் பட்ட பாடும் பலர் அறிந்தவை. ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் மின்நிலையமும் வரும் என்று 1990-களில் உழவர் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன, திட்டம் நிறைவேறவில்லை. அது நடந்திருந்தால் இக்கட்டுரை வேறு விதமாக எழுதப்பட்டிருக்குமோ, என்னவோ!

ஆலைகளை முழுதும் குறைசொல்லவும் நாம் முற்படவில்லை. சிமெண்டுச் சூளையில் கல் 1,450 பாகை வரை சூடேறுகிறது. அச்சூட்டில் எண்ணெய்க் கசடு போன்ற கழிவுகளை, முறையாகக் கண்காணித்து எரித்தால், நச்சு சிதைந்துபோகும். இலங்கையில் புத்தளம் சிமெண்டு ஆலையில் இவ்வாறு செய்கின்றனர். ஆகச் சுன்னாகத்தின் கசடைத் தீர்க்க வழி அந்தத் தீவிலேயே இருந்தது. வழி இருந்தும் போகாதது ஏன் என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

நம் நாட்டில் ஆபத்தான கழிவுகளுக்கென 1989-ஆம் ஆண்டே விதிகள் வந்தன. 2016-இல் அவை புதுக்கி எழுதப்பட்டன. அவற்றின்படி ஆலையோ மின்நிலையமோ இத்தகைய கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் தன்னிடம் வைத்திருக்கலாகாது. எவ்வளவு உண்டாயிற்று, யாரிடம் போயிற்று என்று ஏடு எழுதவேண்டும். கெட்ட எண்ணெயை அனுமதி பெற்றவருக்கே கொடுக்கவேண்டும். அந்த ஏட்டைக் காட்டும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தக் குடிமகனும் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். பங்கின் இளைஞர் இயக்கத்தார் விழாத் தோரணம் கட்டுவதோடு நில்லாமல் இப்படி ஒரு விண்ணப்பம் எழுதிப் பழகினால் என்ன?

பெரிய எந்திரங்களைச் சொல்லிவிட்டுச் சிறியவற்றை விட்டுவிடலாகாது. திருவிழாத் தேருக்கு வரும் டீசல் ஜெனரேட்டர், வயலில் உள்ள எண்ணெய் எந்திரம், டிராக்டர், சாலையோர மெக்கானிக் கடை: இவை ஒவ்வொன்றும் சின்னஞ்சிறு சுன்னாகமே. எண்ணெய் மாற்றும்போது பழையதை வாய்க்காலில் கவிழ்ப்பதும், கறையானுக்கு மருந்தென்று வேலிக்காலில் ஊற்றுவதும், புழுதி அடங்கத் தெருவில் தெளிப்பதும் நம் ஊர்களில் இன்னும் உண்டு. தகரத்தில் ஊற்றி மூடிவைத்து, எண்ணெய் வாங்க வரும் அனுமதி பெற்றவரிடம் கொடுத்தால் காசும் கிடைக்கும். கிணறும் ஆழ்குழாயும் உள்ள குடும்பங்கள், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மாவட்டந்தோறும் வைத்திருக்கும் ஆய்வுக்கூடத்தில் கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் நீரைச் சோதிக்கலாம். எண்ணெய் கலந்ததோ என்ற ஐயம் இருந்தால் அதைச் சொல்லியே கொடுக்கவேண்டும். வழக்கமான சோதனை உப்பையும் கடினத்தையும் கிருமியையும் பார்க்குமே தவிர எண்ணெயைப் பார்க்காது. மாதிரி எடுக்கப் பிளாஸ்டிக் குப்பியைவிடக் கழுவி உலர்த்திய கண்ணாடிக் குப்பியே ஏற்றது. எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்தில் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தாளையடிக் கடற்கரையில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அதற்குக் காரணம் எண்ணெய் மட்டுமன்று. உரமும் உவர்ப்பும் மக்கள்பெருக்கமும் சேர்ந்த காரணம். எனினும் முற்றத்திலேயே கிணறு வைத்திருந்த ஊர்கள், கடலைக் காய்ச்சி வடித்தாற்போன்ற நீரைக் குழாயில் எதிர்பார்த்து நிற்கின்றன. அந்நீரை உருவாக்கவும் மின்சாரம் வேண்டும்.