விஷம் கிணற்றில் இல்லை!

"குற்றம் பெருகுகிறது. காரணம் யார்? வெளிநாட்டான்!"

ஜப்பானில் இந்தக் கூச்சல் மீண்டும் ஓங்கி ஒலிக்கிறது. 2025 ஜூலை 20 அன்று நடந்த மேலவைத் தேர்தலில், 'ஜப்பானியருக்கே முதலிடம்' என்று முழங்கிய சன்செய்தோ கட்சி 14 இடங்களைப் பிடித்தது. அந்தத் தேர்தலில் விலைவாசியோடு போட்டி போட்டது வெளிநாட்டாரைப் பற்றிய பேச்சு!

பேச்சை ஒதுக்கிவைத்துக் கணக்கைப் பார்ப்போம். 2002ஆம் ஆண்டில் ஜப்பானில் பதிவான தண்டனைச் சட்டக் குற்றங்கள் சுமார் 28.5 லட்சம். அன்று அங்கே வாழ்ந்த வெளிநாட்டார் சுமார் 18.5 லட்சம். 2024 முடிவில் வெளிநாட்டார் தொகை 37.7 லட்சமாயிற்று. ஆம், இரண்டு மடங்கு! குற்றமும் இரண்டு மடங்காயிற்றா? இல்லை. 7.4 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. 2021க்குப் பிறகு சற்றே ஏறியது உண்மை. ஏறிய பிறகும் பழைய அளவில் கால் பங்குதான்.

வெளிநாட்டாரில் திருடனே இல்லை என்று நாம் வாதாடவில்லை. திருடியவன் எவனாயினும் சட்டம் அவனைத் தண்டிக்கட்டும். ஒருவன் திருடினால் ஓர் இனத்தையே கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம் என்றுதான் கேட்கிறோம்.

இந்தக் கூச்சல் நேற்று முளைத்ததல்ல. 2000 ஏப்ரல் 9 அன்று டோக்கியோ ஆளுநர் இஷிஹாரா ஷின்டாரோ ராணுவ வீரர்கள் முன் பேசினார். சட்டவிரோதமாக நுழைந்த 'மூன்றாம் நாட்டாரும்' வெளிநாட்டாரும் கொடுங்குற்றங்கள் புரிகிறார்கள், பெரிய பூகம்பம் வந்தால் கலகம் செய்யக்கூடும் என்றார். 'மூன்றாம் நாட்டார்' என்பது, போருக்குப் பின் கொரியரையும் தைவான் மக்களையும் இழித்துச் சொல்லப் புழங்கிய வார்த்தை.

பூகம்பம் என்றாரே, அது வந்தபோது நடந்தது என்ன?

1923 செப்டம்பர் 1. நண்பகல் நெருங்கும் நேரம். கான்டோ பூகம்பம் டோக்கியோவையும் யோகோஹாமாவையும் புரட்டிப்போட்டது. மாண்டவர் ஒரு லட்சத்துக்கும் மேல். நெருப்பு அணையுமுன்னே வதந்தி பற்றிக்கொண்டது: "கொரியர் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள்! தீ வைக்கிறார்கள்!"

வதந்தியை அடக்கவேண்டிய சர்க்கார் என்ன செய்தது? புனபாஷி கடற்படைத் தந்தி நிலையம் வழியாக, கொரியர் தீ வைப்பதாக உள்துறையே மாகாணங்களுக்குச் செய்தி அனுப்பியது! தெருவுக்குத் தெரு காவல் கூட்டங்கள் எழுந்தன. கையில் மூங்கில் ஈட்டி. வழிப்போக்கனை நிறுத்தி, "15 யென் 50 சென்" என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். நாக்கு தடுமாறினால் கொரியன்; கொரியன் என்றால் சாவு! கொல்லப்பட்ட கொரியர் சுமார் 6,000 என்பது பலரும் எடுத்துச் சொல்லும் கணக்கு. சீனத் தொழிலாளரும் மடிந்தார்கள். வெளியூரிலிருந்து மருந்து விற்க வந்த ஜப்பானியர் ஒன்பது பேர்கூட, பேச்சு வேறாக ஒலித்ததால், சிபா மாகாணத்துப் புகுதா கிராமத்தில் கொல்லப்பட்டார்கள்.

தொழிலாளத் தோழர்கள் அடுத்ததைக் கூர்ந்து கவனிக்கவேண்டும். அதே நாட்களில், டோக்கியோவின் கமெய்தோ போலீஸ் நிலையத்தில் ஜப்பானியத் தொழிற்சங்க வீரர் பத்துப் பேரை ராணுவம் கொன்றது. செப்டம்பர் 16 அன்று ஒசுகி சகாயே, இட்டோ நோயே என்ற புரட்சியாளர்களும், உடன் இருந்த ஆறு வயதுச் சிறுவனும் ராணுவப் போலீசின் கையில் மடிந்தார்கள். கிணற்றில் விஷம் என்று கிளம்பிய கூச்சல் யார் கழுத்தில் வந்து முடிந்தது, பார்த்தீர்களா? அன்னியன் மேல் பாய்ந்த கத்தி அடுத்து உரிமை கேட்டவன் மேல் பாய்ந்தது!

அந்த இருட்டிலும் ஒரு விளக்கு எரிந்தது. சுருமி போலீஸ் தலைவர் ஒகாவா சுனேகிச்சி, கொரியரும் சீனருமாகச் சுமார் 300 பேரைக் காத்தார். கூட்டம் சூழ்ந்து கத்தியபோது, விஷம் என்று சொல்லப்பட்ட தண்ணீரைத் தாமே குடித்துக் காட்டினார் என்பது அங்கே இன்றும் சொல்லப்படும் செய்தி.

இன்றைக்கு வருவோம். 2024 அக்டோபர் கணக்குப்படி ஜப்பானில் உழைக்கும் வெளிநாட்டார் 23 லட்சம் பேர். இவர்கள் சுவரேறிக் குதித்து வந்தவர்களா? ஆள் போதாமல் முதலாளிகள் அழைத்து வந்தவர்கள்! 1993இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் வந்தவன், எஜமானன் கொடுமை செய்தாலும் எளிதில் வேறு வேலைக்குப் போக முடியாது. 2023இல் மட்டும் 9,700க்கு மேற்பட்டோர் வேலையிடத்தை விட்டு ஓடினார்கள். ஓடியவன் அனுமதி காலாவதியானால் சட்டமீறல். அதுவும் சேர்கிறது 'வெளிநாட்டார் குற்ற'க் கணக்கில்! விரட்டியவன் கனவான், ஓடியவன் குற்றவாளி! இந்தத் திட்டத்தை 2027க்குள் மாற்றியமைக்க 2024இல் சட்டம் செய்திருக்கிறார்கள். வேலை மாறும் உரிமை ஏட்டிலிருந்து பட்டறைக்கு வந்து சேருமா என்பதே கேள்வி.

கூலி ஏன் உயரவில்லை, அரிசி ஏன் விலையேறியது என்று ஜப்பானியத் தொழிலாளி கேட்கும்போது, "அதோ வெளிநாட்டான்!" என்று விரல் நீட்டப்படுகிறது. விரல் காட்டும் திசையைப் பார்க்காதீர்கள், தோழர்களே. விரலை நீட்டுகிறவனைப் பாருங்கள்! 1923இல் விஷம் கிணற்றில் இல்லை. அது வதந்தியில் இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.