மண்டியிட்ட மன்னர்: காசு சொன்னதும் நடந்ததும்

கி.மு. 58-ல் ரோமில் அச்சான ஒரு வெள்ளிக் காசில் ஒட்டகம் ஒன்று நிற்கிறது. அதன் கடிவாளத்தை ஒரு கையிலும் ஆலிவ் கிளையை மறு கையிலும் பிடித்தபடி ஒருவர் மண்டியிட்டிருக்கிறார். 'மன்னர் அரெத்தாஸ்' என்று லத்தீன் எழுத்தில் பெயரும் உண்டு. பெட்ராவிலிருந்து ஆண்ட நபதேய அரசர், ரோமிடம் சரணடைந்துவிட்டார் என்றே பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

நடந்தது வேறு. காசை வெளியிட்ட ஸ்கௌரஸ், கி.மு. 62-ல் பெட்ராவை நோக்கிப் படை நடத்தியவர். வழியில் படைக்கு உணவு தட்டுப்பாடானது. 300 தாலந்து வாங்கிக்கொண்டு அவர் திரும்பிவிட்டதாக வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் எழுதியிருக்கிறார். பெட்ரா விழவில்லை. நபதேய அரசு அதன் பிறகும் 160 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

ஏமனில் கதை நேரெதிர். கி.மு. 4-ஆம் நூற்றாண்டு வாக்கில் அங்கே ஏதென்ஸ் நகரக் காசைப் பார்த்து அப்படியே காசு அடித்தார்கள்: ஒரு பக்கம் அத்தீனா தேவி, மறுபக்கம் ஆந்தை. தேவியின் கன்னத்தில் மட்டும் தென்னரபு எழுத்து ஒன்று இருக்கும். காசின் மதிப்பைக் குறிக்கும் எழுத்து அது. ஏதென்ஸ் ஒருநாளும் ஏமனை ஆண்டதில்லை. ஆனால் குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் விற்ற வணிகர்களுக்கு, ஊர் ஊராகச் செல்லுபடியான ஆந்தைக் காசின் அருமை தெரியும்.

கி.மு. 26-25-ல் பேரரசர் அகஸ்டஸ் அனுப்பிய தளபதி ஏலியஸ் காலஸ், ஏமன் வரை வந்தும் தண்ணீர் கிடைக்காமல் அங்கே ஒரு நகரை முற்றுகையிட்டதைக் கைவிட்டுப் பின்வாங்கினார். ஆனாலும் பின்னர் அங்கு வெளிவந்த காசுகளில் அகஸ்டஸின் சாயலில் ஒரு தலை இருக்கிறது. பின்புறம் ஜாடிமேல் ஆந்தை. படையால் பிடிக்க முடியாத நாட்டில், வணிகத்தின் வழியே ரோமின் முகம் நுழைந்துவிட்டது.

அதனால்தான் நாணய ஆய்வாளர்கள் உருவத்தோடு நிற்பதில்லை. உலோகத்தின் தரம், எடை, காசு கிடைத்த இடம், அச்சின் தேய்மானம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

கி.பி. 106-ல் ரோமப் பேரரசர் டிராஜன் நபதேய நாட்டை ரோமோடு இணைத்தார். இந்த முறை வெற்றி உண்மை. அவருடைய காசுகளில் அரேபியா, கையில் கிளையோடு நிற்கும் பெண்ணாக வருகிறது. காலருகே ஒரு குட்டி ஒட்டகம். அந்த மாகாணத்துக்காக வெளியான டிராஜனின் வெள்ளிக் காசுகள் சிலவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், புதிய முத்திரைக்கு அடியில் நபதேயக் காசின் பழைய கோடுகள் தெரிகின்றன. உருக்காமல் மேலேயே மறு அச்சு போட்டிருக்கிறார்கள். ஆட்சி கைமாறிய பிறகும் நபதேயர்களின் அதே வெள்ளிதான் கடைத்தெருவில் புழங்கியிருக்கிறது.