மூளைக்குள் கரையும் மருந்து வில்லை

மூளைப் புற்றுக்கட்டியை அறுத்தெடுத்தாலும், கண்ணுக்குத் தெரியாத புற்றுச்செல்கள் அங்கேயே தங்கிவிடும். அவற்றை அழிக்கும் கார்மஸ்டின் மருந்தை ரத்தநாளம் வழியே ஏற்றினாலோ, எலும்பு மஜ்ஜையும் நுரையீரலும் பாதிக்கப்படலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பொறியாளர் ராபர்ட் லாங்கரும், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அறுவை மருத்துவர் ஹென்றி பிரெமும் வேறு வழி கண்டார்கள். மருந்தைப் பாலிமரில் கலந்து வில்லையாக்கி, கட்டி இருந்த குழியிலேயே பதித்துவிடுவது. அதிகபட்சம் 8 வில்லைகள். இந்தப் பாலிமர் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. சோப்புக்கட்டிபோல மேற்பரப்பிலிருந்தே கரையும். அதனால்தான் மருந்து ஒரேயடியாகக் கொட்டாமல், நாள்கணக்கில் சிறுகச் சிறுக வெளியேறுகிறது. நோயை அடியோடு போக்குவதில்லை. ஆயுளைச் சில வாரங்கள் நீட்டிக்கிறது. நோயாளியின் வீட்டாருக்கு அதுவும் பெரிது. கிளியாடெல் என்ற இந்த வில்லைக்கு அமெரிக்காவில் 1996-ல் அனுமதி கிடைத்தது.