பரணில் கிடக்கும் பழைய தீப்பெட்டி: செல்போனில் தெளிவாகப் படம் எடுப்பது எப்படி? அட்டைப்பெட்டியும் 2 எல்இடி பல்பும் போதும்!

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி பக்கம் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தால் பரணில் இருந்து ஏதாவது ஒரு தீப்பெட்டிச் சமாச்சாரம் கீழே விழும். காலி மேல்பெட்டிகள், ஒட்டாத லேபிள் கட்டு, எப்போதோ மூடிப்போன கம்பெனியின் பெயர் அச்சிட்ட அட்டை. சின்ன வயதில் 'தீப்பெட்டிப் படம்' சேர்த்தவர்கள் வீட்டில் இது ஒரு பிஸ்கட் டின் நிறையவே இருக்கும்.

அடுத்து என்ன நடக்கும்? பழைய பேப்பர் கடைக்குப் போகும். இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சி தின்னும். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் செல்போனில் ஒரு படம் எடுத்து குடும்ப குரூப்பில் போடுவார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் ஃபிளாஷ் வெளிச்சம் வெள்ளையாகத் தெறித்திருக்கும், ஓரத்தில் விரல் நிழல் இருக்கும், கீழே பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது.

தீப்பெட்டியைப் பொறுத்தவரை அந்தப் பொடி எழுத்துதான் விஷயமே.

பொடி எழுத்தில் அப்படி என்ன இருக்கிறது?

தீப்பெட்டி லேபிளில் பெரும்பாலும் ஆண்டு அச்சிட்டிருக்காது. ஆனால் முகவரியையும் விலையையும் வைத்து அது எந்தக் காலத்துப் பெட்டி என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முகவரியில் 6 இலக்க பின்கோடு இருக்கிறதா? அப்படியென்றால் அது 1972-க்கு முந்தையதாக இருக்கவே முடியாது. இந்தியாவில் பின்கோடு அறிமுகமானது 1972 ஆகஸ்ட் 15-ல்தான். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று போட்டிருந்தால் அது 1986-க்கு முந்தைய பெட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆண்டு அக்டோபரில்தான் நெல்லையில் இருந்து பிரித்து தனி மாவட்டம் உருவானது. அப்போது அதற்கு வைத்த பெயர் சிதம்பரனார் மாவட்டம். மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று 1997-ல் முடிவானபோது அது தூத்துக்குடி மாவட்டம் ஆனது. ஆக, 'சிதம்பரனார் மாவட்டம்' என்று அச்சிட்ட லேபிள் கிடைத்தால் அதற்கு வயது சொல்வது சுலபம். சிவகாசி, சாத்தூர் லேபிள்களில் 'காமராஜர் மாவட்டம்' என்று இருந்தாலும் இதே கதைதான். அது 1985-ல் தொடங்கி 1997 வரை வழங்கிய பெயர்.

விலையும் பேசும். 'நயா பைசா' என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட காலம். தீப்பெட்டி 50 பைசாவில் இருந்து 1 ரூபாய் ஆனது 2007-ல். அதன் பிறகு 14 ஆண்டுகள் அதே 1 ரூபாய்தான். மூலப்பொருள் விலை தாங்க முடியாமல் 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய் ஆக்கினார்கள். இன்றைக்கு 10 வயதுப் பிள்ளையிடம் '1 ரூபாய்' என்று அச்சிட்ட பெட்டியைக் காட்டினால் அதுவே பழம்பொருள்தான்.

ஒரு எச்சரிக்கை. பழைய லேபிள் ஸ்டாக்கை வீணாக்காமல் சில வருடம் கழித்தும் ஒட்டியிருப்பார்கள். அதனால் 'இதற்கு முன்னால் வந்திருக்க முடியாது' என்று உறுதியாகச் சொல்லலாம், 'இதற்குப் பின்னால் வரவே வராது' என்று சொல்ல முடியாது.

1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய சிவகாசியின் பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் ஆகியோரில் இருந்து இந்தப் பகுதியின் தீப்பெட்டி வரலாறு தொடங்குகிறது. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. விவசாயத்துக்குக் கைகொடுக்காத அதே வானிலை தீக்குச்சி காயவும் அச்சு மை உலரவும் வசதியாகிப் போனது. கரிசல் காட்டில் வெள்ளாமை பொய்த்த வீடுகளில் பெண்கள் பெட்டி ஒட்டினார்கள், கட்டை அடுக்கினார்கள். அந்தக் கைத்தொழில் கம்பெனிகளில் பலவற்றுக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே ஆவணம் யாரோ ஒருவர் வீட்டு டின்னில் கிடக்கும் லேபிளாகக்கூட இருக்கலாம்.

சரி, படம் எடுக்கலாம்.

லைட்பாக்ஸ் என்றால் என்ன?

நகைக்கடை விளம்பரத்தில் மோதிரம் நிழலே இல்லாமல் மிதப்பது போல இருக்குமே, அதன் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான். பொருளை ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து, வெளிச்சத்தை நேரடியாக அடிக்காமல் ஒரு திரை வழியாகப் பரப்பி அனுப்புவது. திரை வழியாக வரும் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழும். நிழல் மெலிந்துவிடும், பளபளப்பும் அடங்கும்.

மடக்கி வைக்கக்கூடிய, யுஎஸ்பி லைட் பொருத்திய சின்ன லைட்பாக்ஸ்கள் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே வருகின்றன. வாங்கினாலும் தவறில்லை. ஆனால் தீப்பெட்டிக்கு வீட்டில் செய்வதே ஒரு விதத்தில் நல்லது. காரணம் கீழே வருகிறது.

சுமார் 30 செ.மீ உயரமுள்ள ஒரு அட்டைப்பெட்டி வேண்டும். கோவில்பட்டிக்காரர்களுக்குக் கடலை மிட்டாய் பார்சல் வந்த பெட்டியே போதும். இடது, வலது பக்கங்களில் ஓரத்தில் 3 செ.மீ விட்டுவிட்டு ஜன்னல் போல வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டுங்கள். முன்பக்கம் திறந்திருக்கட்டும். உள்ளே ஒரு சார்ட் பேப்பரைப் பின்சுவரில் இருந்து தரை வரைக்கும் மடிப்பு விழாமல் வளைத்து வையுங்கள். மடித்தால் படத்தில் ஒரு கோடு தெரியும்.

இனி முக்கியமான வேலை. பெட்டியின் மேல்பக்கத்தில், நடுவில், செல்போன் கேமராவின் எல்லா லென்ஸும் தெரிகிற அளவுக்கு ஒரு ஓட்டை போடுங்கள். போனை அதன் மேல் படுக்க வைத்தால் லென்ஸ் நேர் கீழே பார்க்கும். லேபிளும் கேமராவும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். கையில் பிடித்து எடுக்கும்போது லேபிள் ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்து வருமே, அந்தத் தொல்லை இதில் இல்லை. கை நடுக்கமும் இல்லை. கடையில் வாங்குகிற சின்ன லைட்பாக்ஸில் இந்த உயரம் பெரும்பாலும் கிடைக்காது.

வெளிச்சத்துக்கு 9 வாட் எல்இடி பல்பு 2 போதும், பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் ஒரே பிராண்ட், ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்று வைத்தால் எந்த ஆப்பாலும் அந்த நிறத்தைச் சரிசெய்ய முடியாது. பழைய குண்டு பல்பு, ஹாலஜன் வேண்டவே வேண்டாம். அட்டையும் பட்டர் பேப்பரும் சூட்டில் பற்றிக்கொள்ளும். பெட்டிக்குள் குச்சி இருந்தால் முதலில் அதை வெளியே எடுத்துத் தள்ளி வையுங்கள். பழைய குச்சிதானே, நமுத்திருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

படத்தில் கருப்புக் கோடு ஓடுகிறதே?

எல்இடி வெளிச்சத்தில் எடுப்பவர்கள் அதிகம் கேட்கிற கேள்வி இது. கோளாறு போனில் இல்லை. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதனால் விலை குறைந்த பல்புகள் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசமாகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் செல்போன் கேமரா படத்தை ஒரே அடியாகப் பதிவு செய்வதில்லை, வரிசை வரிசையாகத்தான் படிக்கிறது. பல்பு மங்கிய நேரத்தில் படித்த வரிசைகள் இருட்டாக வந்துவிடுகின்றன.

தீர்வு எளிது. கேமராவில் 'புரோ' மோடு இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 என்று வையுங்கள், கோடு மறைந்துவிடும். புரோ மோடு இல்லையா? பவர் பேங்க்கில் ஓடும் யுஎஸ்பி லைட்டை முழு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவும் இல்லை என்றால் காலை 10 மணி வாக்கில் வெயில் நேராக விழாத திண்ணையில் பெட்டியை வையுங்கள். சூரியனுக்கு மினுக்கல் கிடையாது. ஆனால் உச்சி வெயிலில் வேண்டாம், பட்டர் பேப்பரைத் தாண்டியும் கண்ணைக் கூசும். பழைய லேபிளின் மை வெளிறிப் போவதற்கும் வெயில் ஒரு காரணம்.

சிவப்பு ஏன் சிவப்பாக வரவில்லை?

தீப்பெட்டி லேபிள் என்றாலே சிவப்பும் மஞ்சளும்தான். துரதிர்ஷ்டம், மலிவு எல்இடி பல்புகள் தடுமாறுகிற நிறமே சிவப்புதான். வாங்கும்போது பல்பு அட்டையில் 'சிஆர்ஐ' என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. 80 பரவாயில்லை, 90-க்கு மேல் இருந்தால் நல்லது.

அடுத்து, போனில் 'சீன்', 'ஏஐ', 'பியூட்டி' என்று எதுவெல்லாம் தானாக அழகுபடுத்துகிறதோ அதையெல்லாம் அணைத்துவிடுங்கள். 40 வருடம் வெளிறிய சிவப்பை அது பளிச்சென்று ஆக்கிவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பொய். லேபிளுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளைத் தாளும் சின்ன ஸ்கேலும் வைத்து எடுங்கள். பின்னால் நிறத்தைச் சரிசெய்ய வெள்ளைத் தாள் உதவும், உண்மையான அளவைச் சொல்ல ஸ்கேல் உதவும். அளவுக்கு 1 ரூபாய் நாணயம் வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. நாணயத்தின் அளவே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது என்பதால் ஸ்கேல்தான் சரி.

வெள்ளை சார்ட்டில் எடுத்தால் படம் சாம்பல் பூத்தது போல வரும். வெள்ளை நிறைய தெரிந்தால் 'வெளிச்சம் அதிகம்' என்று கேமரா தப்பாக நினைத்து இருட்டாக்கிவிடும். லேபிள் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள், பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். லேபிளின் ஓரமே வெள்ளையாக இருந்தால் வெள்ளை சார்ட்டில் அது கரைந்துபோகும். அப்போது வெளிர் சாம்பல் நிற சார்ட் போடுங்கள்.

ஃபிளாஷ் வேண்டாம். 2 விநாடி டைமர் வையுங்கள். முடிந்தால் 2எக்ஸ் ஜூமில் எடுங்கள். 'மேக்ரோ' என்று ஒட்டி வைத்து எடுத்தால் போனின் நிழலே லேபிள் மேல் விழும், ஓரங்களும் வளையும்.

ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு எடுக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று கரிசல் மண்ணையும் சேர்த்தே கொண்டுவரும். வெள்ளை சார்ட்டில் அது கருப்புப் புள்ளியாக உட்காரும். தூசியை வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஒரு துளி பட்டாலும் பழைய மை கலங்கிவிடலாம். பெயிண்டிங் பிரஷ் போதும்.

எல்லாவற்றுக்கும் லைட்பாக்ஸ் தேவையா?

தேவையில்லை. ஒட்டாத, தட்டையான லேபிளுக்கு ஸ்கேனர்தான் சிறந்தது. தெரு முனை ஜெராக்ஸ் கடையில் 600 டிபிஐ என்று கேட்டு ஸ்கேன் செய்தால் எந்த போனை விடவும் தெளிவாக வரும். லைட்பாக்ஸ் தேவைப்படுவது பெட்டியாக நிற்கிற பெட்டிக்கு. அதன் எல்லாப் பக்கங்களையும் எடுக்க வேண்டும். முன், பின், விலை இருக்கும் பக்கம், மருந்து தடவிய உரசுபட்டை, அடிப்பெட்டியின் உள்பக்கம்கூட. மிகப் பழைய பெட்டியில் கிழிந்த காகிதப் பட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அழுக்கு என்று உரித்துவிடாதீர்கள். 1934-ல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒட்டிய பட்டையின் மிச்சமாக அது இருக்கலாம்.

உரசுபட்டையில் கண்ணாடித் தூள் கலந்திருக்கும் என்பதால் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக உரசும்படி அடுக்க வேண்டாம். இடையில் ஒரு தாள் வையுங்கள்.

படம் எடுத்ததும் ஃபைலின் பெயரை மாற்றி, பிராண்ட், ஊர், விலை மூன்றையும் எழுதுங்கள். வீட்டில் பெட்டி ஒட்டிய ஆச்சி இருந்தால் அந்தப் படத்தைக் காட்டி அது எந்தக் கம்பெனி, எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லேபிளில் இல்லாதது அவர்களிடம் இருக்கும்.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், இவ்வளவு பாடுபட்டு எடுத்த பொடி எழுத்து மறுபடி மங்கிவிடும். 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்வு செய்து அனுப்புங்கள்.