பேக்கப் ஸ்கிரிப்டின் கடைசி வரி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கிறது கொழிஞ்சாம்பாறை. அங்கே தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் பள்ளியில் தொடும் கணினி லினக்ஸ் கணினி. கேரள அரசின் ‘கைட்’ நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு தொகுப்பைத் தயாரித்துத் தருகிறது. 2018-இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் மாணவர்களைக் கணினியோடு இன்னும் நெருங்க வைத்தன. டெர்மினலைத் திறந்து நான்கு வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிப் பார்க்க, அங்கே எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. புதிதாகக் கற்பவர் பலரும் முதலில் எழுதுவது பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டைத்தான். எந்தக் கோப்புறை, எங்கே போக வேண்டும் என்று இரண்டு மாறிகள். நகலெடுக்கும் ‘சிபி’ கட்டளை. கடைசியில் ‘பேக்கப் முடிந்தது’ என்று அச்சிடும் ‘எக்கோ’. இந்தக் கடைசி வரிதான் ஆபத்தானது. ஒரு கட்டளை தோற்றாலும் ஷெல் நிற்காது, அடுத்த வரிக்குப் போய்விடும். ஒரு கோப்புகூட நகலாகாத நாளிலும் ‘முடிந்தது’ என்ற சொல் தவறாமல் வரும்.

கூச்சலிடும் பிழைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விட்டால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று ஷெல் உடனே சொல்லிவிடும். இயக்கும் அனுமதி தராவிட்டாலும் சொல்லிவிடும். பேசாத பிழைகள்தான் கெடுக்கின்றன. வெளி ஹார்டுடிஸ்க்கை இணைப்பதற்கென்று ஒரு கோப்புறையை நிரந்தரமாக வைத்திருப்போம். டிஸ்க்கைச் செருக மறந்த நாளிலும் அந்தக் கோப்புறை அங்கேயே இருக்கும். நகல்கள் அதற்குள் போய்ச் சேரும். ஆனால் அது கணினியின் சொந்த டிஸ்க். மூலமும் நகலும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் டிஸ்க் கெடும்போது இரண்டும் சேர்ந்தே போகும். நகலெடுக்கும் முன் ‘மவுண்ட்பாயின்ட்’ கட்டளையால் டிஸ்க் இணைந்திருக்கிறதா என்று கேட்கும் ஒரு வரி இதைத் தடுத்துவிடும்.

தமிழில் பெயரிட்டதால்தான் கோளாறு, கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள் என்று சிலர் சொல்லக்கூடும். இது தவறான அறிவுரை. ‘பத்தாம் வகுப்பு வினாத்தாள்’ என்ற கோப்பு நகலாகவில்லை என்றால் குற்றவாளி எழுத்தல்ல, சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. மாறியின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் எழுதாவிட்டால் ஷெல் அந்த ஒரே பெயரை மூன்றாக உடைத்து, இல்லாத மூன்று கோப்புகளைத் தேடும். ஆங்கிலப் பெயருக்கும் இதே கதிதான். சாய்கோட்டையும் சுழி பைட்டையும் தவிர எந்த பைட்டையும் லினக்ஸ் கோப்புப் பெயரில் ஏற்கும். குறித்த நேரத்தில் தானாக இயக்கும் ‘கிரான்’ வழியாக ஸ்கிரிப்டை ஓட்டும்போது பதிவேட்டில் தமிழ்ப் பெயர்கள் 340, 256 என எண்களாகத் தெரியலாம். மொழி அமைப்பு அங்கே போய்ச் சேராததால் காட்டும் விதம்தான் மாறுகிறது, கோப்பு பழுதாவதில்லை. தமிழுக்கு உண்மையிலேயே உள்ள ஒரே இடைஞ்சல் நீளம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் வேண்டும். ‘கொழிஞ்சாம்பாறை’ என்று எழுத 42 பைட்டுகள். ஒரு பெயருக்கு 255 பைட்டுகள்தான் எல்லை. கட்டுரைத் தலைப்பு முழுவதையும் கோப்புக்குப் பெயராக வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு பள்ளியின் கோப்புகளுக்கு இவ்வளவு எச்சரிக்கை தேவையா என்றால், பெரிய இடங்களே இதில் விழுந்திருக்கின்றன. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் 77 டெராபைட் ஆய்வுத் தரவுகள் அழிந்தன. ஓடிக்கொண்டிருந்த பேக்கப் ஸ்கிரிப்டின் மேலேயே புதிய பதிப்பை எழுதியதால் மாறி மதிப்பின்றிப் போனது. பழைய பதிவேடுகளை நீக்க வேண்டிய கட்டளை ஆய்வுக் கோப்புகளை நீக்கியது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தரவுத்தளக் கோப்புறையைத் தவறுதலாக அழித்தார். பேக்கப்பைத் தேடினால், கருவியின் பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. இரண்டு இடத்திலும் தோல்வி சத்தமில்லாமல்தான் நடந்தது.

அதனால் ஸ்கிரிப்டைப் பேச வைக்க வேண்டும். பாஷ் ஷெல்லில் ‘செட்’ கட்டளையோடு ‘யூ’ சேர்த்தால் மதிப்பில்லாத மாறியைக் கண்டதும் நிற்கும். ‘இ’ சேர்த்தால் கட்டளை தோற்றதும் நிற்கும். ‘எக்ஸ்’ சேர்த்தால் ஒவ்வொரு வரியும் உண்மையில் என்னவாக விரிந்தது என்று காட்டும். பிழை தேட இந்தக் கடைசி விருப்பத்தைவிட நல்ல துணை இல்லை. ஆனால் ‘இ’ ஒன்றே போதும் என்று இருந்துவிட முடியாது. ‘இஃப்’ நிபந்தனைக்குள் தோற்ற கட்டளையை அது கண்டுகொள்ளாது. ‘சிபி’க்குப் பதிலாக நகலெடுக்கப் பயன்படும் ‘ஆர்சிங்க்’ ஓடும்போது ஒரு கோப்பு மறைந்துவிட்டால் வரும் 24 என்ற குறியீடு பெரும்பாலும் கேடற்றது; அதற்கும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். கூகுள் டிரைவ் இருக்க இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு ஒன்று: ஒத்திசைவு முறையில் இங்கே அழித்தது அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் அது இருப்பதும் குறிப்பிட்ட நாள்களுக்குத்தான். ‘முடிந்தது’ வரியை நகலெடுப்பு வெற்றி பெற்றால் மட்டும் வரும்படி மாற்றுங்கள். அதன்பின், நகலிலிருந்து ஒரு கோப்பை வேறு கோப்புறையில் மீட்டெடுத்துத் திறந்து படித்துப் பாருங்கள். மாதம் ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள்.