லண்டனில் புதுக் குடித்தனம்

ஆவணியில் கல்யாணம், ஐப்பசியில் லண்டன் பிரயாணம் என்று எத்தனையோ பெண்கள் புறப்படுகிறார்கள். அவர்களில் ஒருத்தி உங்கள் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம்; ஏன், இதைப் படிக்கும் நீங்களாகவே இருக்கலாம். பெட்டியில் பருப்புப் பொடி, அப்பளம், வடாம், ஊறுகாய் எல்லாம் ஏறிவிடும். (ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் அத்தனையும் கிடைக்கிறது என்று மாப்பிள்ளை ஆயிரம் சொல்லட்டும், அம்மா கேட்கமாட்டாள்!) ஆனால் எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாத சாமான் ஒன்று உண்டு. அதுதான் நம் ஊர் வெயில்.

வெயிலா? அதற்குப் பயந்துதானே சென்னையில் குடை பிடிக்கிறோம் என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். டிசம்பர் மூன்றாவது வாரத்தில் லண்டனில் காலை 8 மணிக்குத்தான் சூரிய பகவான் எட்டிப் பார்க்கிறார். மாலை 4 மணி அடிக்கும் முன்பே அஸ்தமித்து விடுகிறார். நம் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கிரணங்கள் அக்டோபர் முதல் மார்ச் ஆரம்பம் வரை அங்கே போதிய அளவு தரைக்கு வந்து சேர்வதில்லை. கோடையிலும், நம்முடைய மாநிறத் தோலுக்கு வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் வெயில் வேண்டியிருக்கிறது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் போதாதா? போதாது, கண்ணாடி அந்தக் கிரணங்களைத் தடுத்துவிடும்.

இந்த வைட்டமின் குறைந்தால் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. இடுப்பு வலிக்கும், தொடை வலிக்கும், மாடிப்படி ஏறினால் கால் தளரும். "குளிர் ஒத்துக்கொள்ளவில்லை", "அம்மா ஞாபகம்" என்று இரண்டு பேரும் சமாதானம் சொல்லிக்கொண்டு மாதங்களைக் கழித்துவிடுவார்கள். இதற்குள் அவள் கர்ப்பமாகிவிட்டால் குழந்தைக்கும் அந்தக் குறை தொடரும்.

எலும்பு வளைந்து போகும் 'ரிக்கெட்ஸ்' ஒரு காலத்தில் இங்கிலாந்தின் சொந்த வியாதி. அதைப் பற்றி கிளிஸ்ஸன் என்ற டாக்டர் 1650-லேயே புத்தகம் எழுதினார். வெயில் நாடுகளில் இந்த வியாதி அபூர்வம் என்பதை 1890-ல் பாம் என்ற டாக்டர் எடுத்துக் காட்டினார். ஆங்கிலேயர்களிடையே அது பெரிதும் மறைந்த பிறகு, கிளாஸ்கோவில் குடியேறிய பாகிஸ்தானியரிடம் தென்படுவதாக 1962-ல் வைத்தியர்கள் எழுதினார்கள். நம் துணைக்கண்டத்துத் தோலும் வடக்கத்திக் குளிர்காலமும் சேர்ந்து செய்த வேலையில் பெரும் பங்கு அது!

பரிகாரம் மிகச் சிறியது. தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட் வைட்டமின் டி மாத்திரை. வெள்ளைக்காரர்களுக்கு இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் போதும். நம்மவர்கள் வருஷம் பூராவும் சாப்பிடுவது நல்லது என்கிறது அந்நாட்டு சுகாதார இலாகா. நல்லதாயிற்றே என்று அள்ளி விழுங்கவும் கூடாது. டாக்டர் சொன்னாலொழிய, 100 மைக்ரோகிராம்தான் ஒரு நாளைய உச்ச வரம்பு. மாமிசம் தொடாதவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். உறை ஜெலட்டினாக இருக்கலாம். டி3 என்பது பெரும்பாலும் ஆட்டு ரோமத்துக் கொழுப்பிலிருந்து வருவது. அதுவும் வேண்டாமென்றால் பாசியினத்திலிருந்து எடுத்ததும் விற்கிறது.

அமெரிக்காவிலுள்ள நாத்தனார், "பாலைக் குடியுங்கள் அண்ணி, அதில் எல்லாம் இருக்கிறது" என்பாள். அவள் ஊருக்கு அது சரி. அங்கே பாலில் வைட்டமின் டி சேர்க்கிறார்கள். பிரிட்டனில் சாதாரணப் பசும்பாலில் சேர்ப்பதில்லை. முட்டை மஞ்சள் கருவிலும் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களிலும் ஓரளவு உண்டு.

போய் இறங்கிய வாரமே குடும்ப டாக்டரிடம் இருவரும் பெயரைப் பதிந்துகொள்ளட்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. (விஸாவோடேயே பெரும் தொகையை வசூல் செய்துவிடுகிறார்களே!) குழந்தை வேண்டும் என்று எண்ணும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் தொடங்கி, கர்ப்பத்தின் 12-வது வாரம் வரை சாப்பிட வேண்டும்.

மாப்பிள்ளை சங்கதி வேறு. புது மனைவியின் கைமணத்தில் மூன்றாம் தடவை சாதம், பிறகு சோபா. வெள்ளைக்காரர் 5 அடி 5 அங்குல உயரத்துக்கு 68 கிலோ வரை கவலைப்படவேண்டாம். நம்மவருக்கோ 63-ஐத் தாண்டும்போதே நீரிழிவு அபாயம் தொடங்குகிறது. எனவே சாதத்தைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுகிற அதிகாரத்தை மனைவி முதல் மாதத்திலேயே கையில் எடுத்துக்கொள்வது உத்தமம்.

நடப்பதற்குத் துணை வேண்டுமா? லண்டனில் புஷி பார்க் என்ற பூங்காவில் 2004-ல் 13 பேர் கூடி ஓடினார்கள். அதுவே வளர்ந்து, இன்று பற்பல ஊர்களில் சனிக்கிழமை காலை 'பார்க்ரன்' என்று நடக்கிறது. ஐந்து கிலோமீட்டர், காசு கிடையாது, ஓடலாம், நடக்கலாம். வாரம் முழுவதும் நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பேச நாலு முகமும் கிடைக்கும். எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டரை வைத்திருக்கிறார்கள். ஆகவே, எவ்வளவு மெதுவாக நடந்தாலும் நம் பெண் கடைசி ஆளாக வந்து சேர வழியே இல்லை!